நாட்டுக்கொரு பிளக்

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் தில்லிக்கும் மும்பைக்கும் நாம் குடிபெயர்ந்தபோது மொழி மாறிற்று, உணவு மாறிற்று, தட்பவெப்பமும் மாறிற்று. ஆயினும் ஊரிலிருந்து கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டி, சென்ற இடத்துச் சுவரிலும் தடையின்றிப் பொருந்திற்று. இந்த ஒற்றுமை நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. சிங்கப்பூரிலோ இலண்டனிலோ நம் மும்முனை பிளக் சுவரில் நுழைவதில்லை. நம் மின்சார ஏற்பாடுகள் பிரிட்டிஷாரிடமிருந்து வந்தவை. அவ்வாறிருக்க, அவர்கள் ஊரிலேயே நம் பிளக் பொருந்தாமற்போனது எங்ஙனம்?

மின்சாரம் முதன்முதலில் வீடுகளுக்குள் புகுந்தது விளக்குக்காகவே. 1882-ஆம் ஆண்டில் எடிசன் நியூயார்க் நகரின் பெர்ல் தெருவில் நிலையம் அமைத்து, ஏறத்தாழ 110 வோல்ட் மின்சாரம் வழங்கினார். அக்காலத்தில் பிளக் என்பதே இல்லை. பின்னர் வந்த விசிறியையும் இஸ்திரிப் பெட்டியையும், விளக்கைக் கழற்றிவிட்டு அது இருந்த இடத்திலேயே திருகிக்கொண்டனர். இத்தொல்லையைத் தீர்க்க 1904-இல் ஹார்வி ஹப்பெல் என்ற அமெரிக்கர், எளிதில் கழற்றத்தக்க பிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கா தட்டை முனைகளை ஏற்றது. ஜெர்மனி உருண்டை முனைகளை ஏற்றது. ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு ஏற்ப ஒரு வடிவத்தை வகுத்துக்கொண்டது.

மின்னழுத்தத்தின் கதையும் இதுவே. அமெரிக்கா எடிசனின் அளவை ஒட்டியே நின்று, இன்று 120 வோல்ட்டில் இருக்கிறது. பெர்லின் நகரமோ, இருக்கின்ற கம்பியிலேயே மிகுதியான மின்சாரத்தை அனுப்பும்பொருட்டு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 220 வோல்ட்டுக்கு மாறிற்று. ஜப்பானின் நிலை இன்னும் விந்தையானது. டோக்கியோ 1895-இல் ஜெர்மானிய இயந்திரங்களை வாங்கிற்று. ஒசாகா 1896-இல் அமெரிக்க இயந்திரங்களை வாங்கிற்று. அதன் விளைவாக அந்நாட்டின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸும் மேற்கில் 60 ஹெர்ட்ஸும் இன்றளவும் நிலவுகின்றன.

நம் நாட்டுக்கு வருவோம். 1899-இல் கல்கத்தாவில் மின்சாரம் வழங்கத் தொடங்கிய நிறுவனம் இலண்டனில் பதிவு பெற்றதாகும். பிரிட்டிஷ் இயந்திரங்களோடு பிரிட்டிஷ் அளவைகளும் வந்தன. 1934-இல் வெளியான பிரிட்டிஷ் தரநிர்ணயம் 546, உருண்டையான மூன்று முனைகள் கொண்ட பிளக்குகளை வரையறுத்தது. அவற்றுள் 5 ஆம்பியர் சிறு பிளக்கும் 15 ஆம்பியர் பெரிய பிளக்கும் இந்திய வீடுகளில் வேரூன்றின. இன்று நம் கடைகளில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று விற்பவை அவற்றின் நேர் வாரிசுகளே.

அவற்றைத் தந்த பிரிட்டனோ அவற்றைக் கைவிட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, போருக்குப் பிந்தைய வீடுகளின் மின்சார அமைப்பை ஆராய 1942-இல் அங்கே ஒரு குழு அமைந்தது. அப்போது செம்புக்குப் பெரும் பஞ்சம். ஆகவே, ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கம்பி இழுப்பதை விடுத்து, ஒரே கம்பி வீட்டைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்தையே சேரும் வளைய முறையை அக்குழு பரிந்துரைத்தது. அத்தகைய கம்பியில் மிகுதியான மின்சாரம் ஓடுமாதலால், ஒவ்வொரு பிளக்கினுள்ளும் ஒரு ஃபியூஸ் வேண்டியதாயிற்று. குழுவின் ஒரே பெண் உறுப்பினரான காரோலின் ஹாஸ்லெட், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தினார். நீளமான எர்த் முனை உள்ளே நுழைந்தால் மட்டுமே மற்ற இரு துளைகளின் மூடிகள் திறக்கும் ஏற்பாடு அமைந்தது. இவ்வாறு உருவான சதுர முனை பிளக், தரநிர்ணயம் 1363 என்ற பெயரில் 1947-இல் வெளியாயிற்று. ஃபியூஸ் இல்லாத பழைய பிளக் இதில் நுழையாது, நுழையவும் கூடாது.

அதே 1947-இல் நாம் விடுதலை பெற்றோம். சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் ஆகியவை பின்னர் புதிய வடிவத்துக்கு மாறின. நாம் பழையதோடு நின்றோம். இதனைச் சோம்பல் என்று சொல்லிவிடுதல் தகாது. கோடிக்கணக்கான சுவர்களை உடைத்து மாற்ற எந்த நாடும் எளிதில் துணிவதில்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-இல் உலகுக்கெல்லாம் பொதுவான வடிவம் ஒன்றை வெளியிட்டது. அதனைத் தழுவியவை பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் போன்ற மிகச் சில நாடுகளே.

இவ்வரலாறு பயணிக்குத் தரும் பாடம் யாதெனில், வடிவம் வேறு, மின்னழுத்தம் வேறு என்பதாகும். அடாப்டர் வடிவத்தை மட்டுமே மாற்றும். கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்களில் பெரும்பாலும் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும். அவற்றுக்கு அடாப்டரே போதும். வெப்பம் தரும் கருவிகளின் நிலை வேறு. அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் 120 வோல்ட் காப்பிப் பாத்திரத்தை நம் 230 வோல்ட்டில் செருகினால், அது தாங்க வேண்டியதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பம் பிறந்து கருகும். நம் நீர்ச்சூடேற்றியோ ஜப்பானின் 100 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பங்கூடத் தராது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. சதுரத் துளைகளுள்ள நாடுகளில், மேல் துளையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து, இருமுனை பிளக்கைத் திணிப்பாரைக் காண்கிறோம். குழந்தையின் விரலைக் காக்க வைத்த கதவை அவர்கள் உடைக்கிறார்கள். ஃபியூஸின் காவலையும் இழக்கிறார்கள். உலோக உடல் கொண்ட கருவிக்கு எர்த் இணைப்பில்லாத அடாப்டரைப் பயன்படுத்துவதும் இதைப் போன்றதே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் கைப்பேசிகளுக்கு ‘சி’ வகை யுஎஸ்பி துளை கட்டாயமாயிற்று. கருவியின் பக்கத்தில் இவ்வாறு ஒற்றுமை பிறந்திருக்கிறது. சுவரின் பக்கத்தில் அது பிறக்கும் வரையில், பெட்டி கட்டுமுன் சார்ஜரின் மீதுள்ள சிறிய எழுத்துகளை ஒருமுறை படித்துவிட்டுப் புறப்படுவோமாக.