ட்சுந்தெரே: ஊறுகாய்க்குள் ஒளிந்த காலம்

“கலகலவெனச் சிரித்தாள்” என்று எழுதலாம். பாதியை வெட்டி “கலவெனச் சிரித்தாள்” என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும். சலசல, படபட, மொறுமொறு எல்லாம் அந்தச் சாதிதான். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது தமிழய்யா கரும்பலகையில் எழுதிப்போட்டு, நாம் நோட்டில் எழுதிக்கொண்ட பாடம்.

ஜப்பானிய மொழியிலும் இரட்டைக்கிளவிகளுக்குப் பஞ்சமில்லை. மங்காவைத் திறந்தால் கட்டங்களின் ஓரமெல்லாம் அவைதான். நெஞ்சு அடித்துக்கொண்டால் தொகிதொகி, புன்னகைத்தால் நிகோநிகோ. சத்தமே இல்லாத இடத்துக்குக்கூட ‘ஷீன்’ என்று ஓர் ஒலிக்குறிப்பு வைத்திருக்கிறார்கள். அந்த மொழியின் அனிமே ரசிகர்கள் இருபது சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு இரட்டைக்கிளவிகளை எடுத்து, இரண்டையும் நடுவே வெட்டி, பாதியோடு பாதியை ஒட்டினார்கள். ட்சுன்ட்சுன் என்பதில் ஒரு ட்சுன். தெரெதெரே என்பதில் ஒரு தெரே. சேர்த்தால் ட்சுந்தெரே. வெட்டியும் சாகாமல் பிழைத்துக்கொண்ட சொல்.

காதல் மங்கா படிப்பவர்களிடம், அனிமே பார்ப்பவர்களிடம் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆரம்பத்தில் நாயகனிடம் எரிந்து விழுந்து, கடைசியில் உருகிப்போகிற பெண்ணுக்கு அது பெயர். ஆனால் பிறந்தபோது அது பெயராக இல்லை. ஒரு கதைச்சுருக்கமாக இருந்தது என்பது என் கட்சி. எனக்கு எந்தக் காதல் தொடர் பிடிக்கும், எதைப் பாதியில் மூடிவைப்பேன் என்பதை, இந்தச் சொல் நடந்துவந்த பாதையைக் காட்டியே சொல்லிவிடலாம்.

முதலில் ட்சுன். வசாபியைக் கொஞ்சம் அதிகமாகத் தொட்டுச் சாப்பிட்டால் காரம் நாக்கில் நிற்காது. மூக்கின் வழியே உச்சிக்குச் சுரீரென்று ஏறும். கண்ணில் தண்ணீர் முட்டும், அடுத்த நொடி இருந்த இடம் தெரியாது. அந்தச் ‘சுரீர்’தான் ஜப்பானியருக்கு ‘ட்சுன்’. கூராக நிமிர்ந்து நிற்கும் எதற்கும் அதே வேர்ச்சொல் பொருந்தும். குத்திட்டு நிற்கும் தலைமுடிக்கும் ட்சுன்ட்சுன்தான். ஆளுக்குச் சொன்னால், முகம் கொடுக்காமல் மூக்கை நிமிர்த்திக்கொண்டு போவது. நம் ‘சிடுசிடு’ கிட்டத்தில் வருகிறது; ஆனால் அதில் கோபம்தான் உண்டு, நிமிர்வு இல்லை. ‘வெடுக்வெடுக்’ இன்னும் நெருக்கம்.

தெரெதெரே அதற்கு நேர் எதிர். கட்டு தளர்ந்து, ஒழுங்கில்லாமல், தொளதொளவென்று கிடப்பதைச் சொல்வது. ஒருத்தி முன்னால் ஓர் ஆண் தன் நிலை மறந்து இளித்துக்கொண்டு நிற்பதற்கும் அதே சொல். தமிழில் “அவளப் பாத்து வழியறான்” என்கிறோமே, அச்சாக அதுதான். ஆக, இந்தச் சொல்லின் இரண்டு பாதியுமே பாராட்டுகள் இல்லை. ஒன்று விறைப்பு, மற்றது வழிசல். ஒட்டியபோதுதான் அழகு வந்தது.

ஒட்டியது எங்கே? 2001இல் ஜப்பானில் வந்த ‘கிமி கா நொசொமு எய்யென்’ என்ற கணினி விளையாட்டை ஒட்டித்தான் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ‘நீ விரும்பும் நித்தியம்’ என்று பெயருக்குப் பொருள். கதையைத் திரையில் படித்துக்கொண்டே போய், அங்கங்கே ஆட்டக்காரர் முடிவெடுக்கிற வகை. அதில் நாயகன் வேலை பார்க்கும் உணவகத்தில் தாய்குஜி அயு என்று ஒருத்தி வருவாள். வாயைத் திறந்தால் வசவு. அவள் மனம் இளகுவதைப் பார்க்க வேண்டுமானால், ஆட்டக்காரர் மணிக்கணக்கில் அந்த வசவைத் தாங்கி, அவள் பாதையிலேயே போக வேண்டும். அப்படிப் போனவர்கள் 2002 வாக்கில் அவள் குணத்தை ட்சுன்ட்சுன், தெரெதெரே என்று இரண்டையும் அடுக்கிச் சொன்னார்கள். சீக்கிரமே அது பாதிப்பாதியாகச் சுருங்கியது.

இங்கேதான் நம் இலக்கணம் எனக்குக் கைகொடுக்கிறது. ஊறுகாய் என்கிறோம். ஊறிய காயா, ஊறுகின்ற காயா, ஊறப்போகும் காயா என்று சொல் சொல்லாது. மூன்று காலத்தையும் உள்ளே போட்டு மூடிவைத்திருக்கும். அதனால்தான் அது வினைத்தொகை. ட்சுந்தெரே வினைத்தொகை ஆகாது. ஆனால் குணம் அதுதான். ட்சுன், அப்புறம் தெரே. நடுவிலிருக்கும் அந்த ‘அப்புறம்’ ஒட்டும்போது உள்ளே போய்விட்டது. ஆட்டக்காரர் செலவழித்த மணிநேரங்கள், மாறிய மனம், மாறியதன் காரணம் எல்லாம் அந்த ‘அப்புறத்’தில்தான் இருந்தன.

உள்ளே போன ஒன்றை மறப்பது எளிது. 2005, 2006 ஆண்டுகளில் சொல் ஜப்பானெங்கும் பரவியபோது, அதை வேறு மாதிரி விரிக்கத் தொடங்கினார்கள்: ட்சுன்னும் தெரேயும். உம்மைத்தொகை! இராப்பகல், தாய்தந்தை மாதிரி. ஒரே ஆள், ஒரே நாளில், நாலு பேர் முன்னால் விறைப்பு, தனியாக இருந்தால் குழைவு. “உனக்காக ஒண்ணும் செய்யல, மிச்சமாச்சு, அதான் கொண்டுவந்தேன்” என்று மதிய உணவுப் பெட்டியை நீட்டிவிட்டு, முகம் சிவந்து திரும்பிக்கொள்ளும் காட்சி அப்போதுதான் வார்ப்பாகியது. டோக்கியோவின் அகிஹபாராவில், வாடிக்கையாளரை அலட்சியமாக வரவேற்று, கிளம்பும்போது குழைந்து வழியனுப்பும் காபிக் கடைகள்கூட நடந்தன. மணிக்கணக்கில் ஊறவேண்டியதை ஒரு கோப்பை காபிக்குள் அடக்கிவிட்டார்கள்.

கடைசிப் படி அன்மொழித்தொகை. ‘பூங்குழல் வந்தாள்’ என்றால் வந்தது பூவும் இல்லை, கூந்தலும் இல்லை. அவற்றை உடைய பெண். ‘ட்சுந்தெரே வந்தாள்’ என்று ரசிகர்கள் பேசத் தொடங்கியதும் அதே கதிதான். நடத்தையைக் குறித்த சொல் ஆளுக்குப் பெயராயிற்று. ‘தெரே’ தனியே கழன்று விகுதியாகவே மாறிப்போனது. நோய்கொள்வதைக் குறிக்கும் யாந்தெருவிலிருந்து யாந்தெரே: காதல் முற்றிக் கத்தியெடுக்கும் பெண். ‘கூல்’ என்ற இரவல் சொல்லிலிருந்து கூதெரே. வாய்பேசாமையைக் குறிக்கும் தன்மரியிலிருந்து தந்தெரே. கடையில் பாட்டில் பாட்டிலாக அடுக்கி, சீட்டு ஒட்டியாயிற்று.

சீட்டு ஒட்டிய பாட்டில்களில் எனக்குப் பிடிக்காதது ‘செரோ நோ ட்சுகாய்மா’. 2006இல் அனிமேயாக வந்தது. நாயகி லூயிஸ் நாயகனைச் சாட்டையால் அடிக்கிறாள், நாயாக நடத்துகிறாள், நடுநடுவே முகம் சிவக்கிறாள். அடுத்த வாரம் மறுபடியும் சாட்டை. அடி சிரிப்புக்காக, வெட்கம் ரசிகருக்காக. ஊறவே விடாமல் உப்பும் காரமும் தடவித் தட்டில் வைத்த காய் அது. இதையே ஆண் செய்தாலும் எனக்கு ஒப்பாது. கமியோ யோகோவின் ‘ஹனா யோரி தங்கோ’ 1992இல் தொடங்கியபோது இந்தச் சொல் பிறக்கவில்லை. ஆனாலும் அதன் தோமியோஜியைப் பின்னாளில் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பள்ளியையே ஏவிவிட்டு ஒரு பெண்ணை வதைத்தவன் அவன். பிறகு எவ்வளவு குழைந்தாலும், முதல் அத்தியாயங்களை மறக்க எனக்கு மனம் வரவில்லை. வதைப்பதற்கு ட்சுன் என்று செல்லப்பெயர் வைத்தது அந்தச் சொல்லுக்கே அவமானம்.

சொல்லுக்கு முன்பே பொருள் இருந்தது என்பதற்குத் தகஹாஷி ருமிகோவின் ‘ரன்மா ½’ சாட்சி. 1987 முதல் 1996 வரை ஓடிய அந்த மங்காவின் அகானேக்கு, ரன்மாவைப் பார்த்ததும் கோபம் வருவதற்குக் காரணமிருக்கிறது. அவளைக் கேட்காமலே வீட்டார் செய்த நிச்சயம் அது. காரணமுள்ள ட்சுன்னை நான் மன்னிப்பேன்.

காரணம், காலம் இரண்டும் சரியாகச் சேர்ந்து ஊறியது என்றால் எனக்கு ‘தோராதோரா’தான். தகேமியா யுயுகோ 2006 முதல் 2009 வரை எழுதிய நாவல் வரிசை. 2008 அக்டோபரிலிருந்து 25 பகுதிகள் கொண்ட அனிமே. பெயரைப் பாருங்கள். தோரா என்றால் ஜப்பானியத்தில் புலி. ‘டிராகன்’ ஜப்பானிய வாயில் ‘தொராகொன்’ ஆகிறது. அதில் வெட்டிய துண்டு இன்னொரு தோரா. நாயகி பெயர் தாய்கா, ‘பெரிய ஆறு’ என்று எழுதினாலும் காதில் ‘டைகர்’ என்று விழுகிற பெயர். நாயகன் ரியூஜியின் பெயரில் டிராகனைக் குறிக்கும் எழுத்தே இருக்கிறது. ட்சுந்தெரேயைப் போலவே இரண்டு துண்டுகளை ஒட்டிய தலைப்பு!

தாய்காவுக்கு அந்த ட்சுன் எங்கிருந்து வந்தது என்பதை முதல் பகுதியே காட்டிவிடுகிறது. வேறொருவனுக்கு எழுதிய காதல் கடிதத்தைத் தவறுதலாக ரியூஜியின் பையில் வைத்துவிட்டு, ராத்திரியில் மரவாளோடு அவன் வீட்டுக்குள் புகுகிறாள். புலி மாதிரி பாய்கிறாள். பாய்ந்த வேகத்திலேயே பசியில் சுருண்டு விழுகிறாள். உறையைப் பிரித்தால் உள்ளே கடிதமே இல்லை, வைக்க மறந்திருக்கிறாள். ரியூஜி எழுந்துபோய்ச் சட்டியில் சோறு வறுத்துப் போடுகிறான். பெற்றவர்கள் தனி வீட்டில் விட்டுவிட்டுப் போன பெண், சமைக்கத் தெரியாத பெண், நாலடி சொச்சம் உயரத்தில் உலகத்தையே முறைத்துக்கொண்டு நிற்கிற பெண். வெடுக்குக்குப் பின்னால் இருப்பது பசி.

அவளுக்குக் குரல் கொடுத்தவர் குகிமியா ரியே. முன்பே லூயிஸுக்கும் அவர்தான் குரல். ‘ட்சுந்தெரே ராணி’ என்று ரசிகர்கள் பட்டம் கட்டியவர். ஒரே தொண்டையிலிருந்து ஊறாத காயும் ஊறிய காயும் வந்திருக்கின்றன என்றால், குறை குரலில் இல்லை, கதைக்குக் கொடுத்த அவகாசத்தில் இருக்கிறது.

இங்கே நம்மவர்கள் சிலர், இது நம் ஊடல்தானே என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஊடல், மனம் கலந்தவர்களுக்குள் வருவது. கூடலுக்கு நடுவே உப்பு மாதிரி. அங்கே காதல் முன்னால், பிணக்கு பின்னால். ட்சுந்தெரேயில் வரிசை தலைகீழ். சொல்லின் உயிரே வரிசையில் இருக்கும்போது, வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும். ‘பிகு பண்ணுவது’ம் பொருந்தாது. பிகு பண்ணுகிறவளுக்குத் தன் மனம் தெரியும்; தாய்காவுக்குத் தெரியாது.

சொல் எல்லை தாண்டியும் போயிற்று. சீனர்கள் அதை ‘அவ்ஜியாவ்’ ஆக்கிக்கொண்டார்கள். கர்வமும் கொஞ்சலும் பக்கத்துப் பக்கத்தில், மறுபடியும் உம்மைத்தொகை. கொரியர்கள் சொல்லை அப்படியே வாங்கி, தங்கள் நாடகங்களின் முறைப்பான நாயகர்களுக்குச் சூட்டினார்கள். கொரிய நாடகம் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வழியில் பழக்கமாகிவிட்டது. ஆனால் ஜப்பானிலேயே காலம் கொல்லை வழியாக வீட்டுக்குள் திரும்பிவந்த கதையும் உண்டு. ‘தெரெரு’ என்று வினைச்சொல் செய்துகொண்டார்கள்: குழைதல். ‘தெரேகி’ என்றும் ஒரு சொல். ‘கி’ என்றால் பருவம், காலம். குழையும் காலம். பெயராகிப்போனதற்குள்ளிருந்து வினையும் காலமும் மறுபடி தலைநீட்டுகின்றன.

போன டிசம்பரில் அக்கா மகள் வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறாள், அனிமே பாடத்தில் எனக்கு மேல். தோராதோராவைப் போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “மாமா, இவ ட்சுந்தெரே. இவதான் ஜோடி. எழுதி வெச்சுக்கோங்க” என்றாள். சீட்டைப் படித்தாயிற்று, பாட்டிலைத் திறப்பானேன் என்கிற தோரணை. கையில் போனை எடுத்துக்கொண்டு பாதிக் கண்ணால்தான் பார்த்தாள்.

பத்தொன்பதாம் பகுதி கிறிஸ்துமஸ் இரவு. சாண்டா பார்த்துக்கொண்டிருப்பார் என்று நம்பி, அந்த மாதம் முழுக்கச் சமர்த்தாக இருக்கிறாள் தாய்கா. அத்தனை நாளும் எரிந்து விழாத புலி. ஒற்றையாக வீட்டிலிருக்கும் அவளைப் பார்க்கக் கரடி வேடத்தில் ரியூஜி வருகிறான். கரடியைக் கட்டிக்கொண்டு ஆடுகிறாள். உள்ளே இருப்பது யாரென்று அவளுக்குத் தெரியும். பிறகு அவனுக்குப் பிடித்த பெண்ணிடம் போகச்சொல்லி அவளே அனுப்பிவைக்கிறாள், தோழி மாதிரி சிரித்துக்கொண்டே. கதவு சாத்தியதும் வீடு ஷீன். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள். அப்புறம் தெருவுக்கு ஓடி, இல்லாதவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கதறுகிறாள்.

அக்கா மகளின் போன் எப்போது கீழே போயிற்று என்று நான் கவனிக்கவில்லை. பெயர்ப்பட்டியல் ஓடி முடிகிறவரை பேசாமலிருந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: “எப்போலேருந்து மாமா?”