ஆலோசனையும் ஆணையும்: கெடாவின் சுற்றுலா வரலாறு

அரசர்க்கு அறிவுரை கூறும் பணி மிகத் தொன்மையானது. திருவள்ளுவர் பொருட்பாலில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என ஓர் அதிகாரமும் ‘அமைச்சு’ என வேறோர் அதிகாரமும் வகுத்திருப்பதைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். இக்கால அரசுகளில் அப்பணி துறைதோறும் பிரிந்து, நிதிக்கு ஓர் ஆலோசகர், கல்விக்கு ஓர் ஆலோசகர், சுற்றுலாவுக்கு ஓர் ஆலோசகர் என விரிந்துள்ளது. சுற்றுலா ஆலோசகர் எனின் விளம்பரத்துக்கு வழி சொல்பவர் என்றே பலரும் கருதுவர். உண்மையில் அவர் பணி அதனினும் பெரியது. எந்த இடத்தைப் பயணிகளுக்குக் காட்டுவது, அதனால் வரும் வருவாய் யாரைச் சேர்வது, எதைக் காட்டுமுன் எதைக் காப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் அவர் விடை கூறவேண்டும். விடை கூறலாமேயன்றி அதனை நிறைவேற்றும் ஆணை அவர் கையில் இல்லை. ஆலோசனை எப்போது ஆணையாகிறது, எப்போது ஆகாமற் போகிறது என்பதனை அறிய விரும்புவோர்க்குக் கெடா மாநிலத்தினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆலோசகர் ஆண்ட நாடு

கெடா ‘ஆலோசகர்’ என்னும் பதவியை நன்கு அறிந்த நாடு. சுல்தான் அப்துல் ஹமீது காலத்தில், 1904-இல் நடந்த அரச குடும்பத் திருமணங்களின் செலவால் கருவூலம் தளர்ந்தது. 1905-இல் சயாம் அரசு 26 லட்சம் வெள்ளி கடன் கொடுத்தது. அக்கடனோடு ஒரு நிதி ஆலோசகரும் வந்தார். மாநில ஆட்சி மன்றமும் அமைந்தது. 1909-ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கையால் சயாமின் உரிமை பிரிட்டனுக்கு மாறிற்று. ஜார்ஜ் மாக்ஸ்வெல் முதல் பிரிட்டிஷ் ஆலோசகராக அலோர் ஸ்டாரில் அமர்ந்தார்.

1923-ஆம் ஆண்டு உடன்படிக்கை, மலாய் வழக்கமும் இஸ்லாமிய சமயமும் நீங்கலாக ஏனைய ஆட்சிக் காரியங்களில் ஆலோசகர் கூற்றைச் சுல்தான் ஏற்க வேண்டும் என வகுத்தது. அதாவது பெயர் ஆலோசனை, பொருள் ஆணை. அந்த ஆலோசகர் சொல் நிறைவேறியதற்குக் காரணம் அவருடைய அறிவு மட்டுமன்று. அதன் பின்னே கையெழுத்திட்ட ஓர் ஆவணம் இருந்தது. விடுதலைக்குப் பின் வந்த ஆலோசகர்க்கு அத்தகைய வலிமை இல்லை. மக்களாட்சியில் அது இருத்தலும் ஆகாது. ஆயினும் அவர் சொல் நிலைக்க வேண்டுமானால் அதுவும் ஓர் ஆவணத்தில் ஏறியாக வேண்டும்.

1959: ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

மலாயாவில் வாணிப அமைச்சின் கீழ்ச் சுற்றுலாத் துறை தொடங்கிய ஆண்டு 1959. அதே ஆண்டில், ஜெராய் மலையின் தென்பாகத்தில் மெர்போக் கெச்சில் ஆற்றங்கரையிலே, வரலாற்றாசிரியர் அலஸ்டேர் லாம் ஒரு பழங்கோயிலின் அடித்தளத்தை அகழத் தொடங்கினார். அதுவே புக்கிட் பத்து பஹாட் சண்டி. சண்டி என்பது இத்தகைய பழங்கோயில்களுக்கு மலாய் மொழி வழங்கும் பெயர்.

ஜெராய் மலையடிவாரத்தில் பழங்கோயில்கள் உள என்னும் செய்தி அன்று புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஜேம்ஸ் லோ அவற்றைக் கண்டு எழுதினார். 1936-37-இல் குவாரிச் வேல்ஸ் என்பாரும் அவர் மனைவி டோரதியும் பூஜாங் பள்ளத்தாக்கு முழுவதும் ஆராய்ந்து, 30 இடங்களை எண்ணிட்டுப் பதிந்தனர். அவ்வாய்வு 1940-இல் அச்சேறியது. புக்கிட் பத்து பஹாட் அவர்கள் கணக்கில் 8-ஆம் இடம். வேல்ஸ் அதனைப் பல்லவர் காலத்தோடு இணைத்தார். லாம் அதற்குப் பிந்தியது எனக் கொண்டார். கருங்கல்லாலான சதுர விமானமும், அதன் முன்னே தூண் தாங்கிய கற்களோடு கூடிய மண்டபமும் வெளிப்பட்டன. அடித்தளத்தில் இட்ட கற்பேழைகளும் கிடைத்தன. 1960-இல் சிதறிய கற்களை ஒழுங்குபடுத்தி அக்கோயிலை அதே இடத்தில் மீள அமைத்தனர். காண வருவோர்க்குக் காட்டத் தக்கதொரு சின்னம் இவ்வாறு கெடாவுக்கு வாய்த்தது.

1972-இல் நாட்டின் சுற்றுலா மேம்பாட்டுக் கழகம் தோன்றிற்று. 1976-இல் தொல்பொருள் சட்டம் இயற்றப்பட்டது. 1980-இல் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் காட்சியகம் அமைந்தது. பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களின் சண்டிகள் காட்சியக வளாகத்தில் மீள அமைக்கப்பட்டன. மாணவர்கள் ஒரே நாளில் கண்டு திரும்பத் தக்க இடமாக அது விளங்குகிறது. ஆயினும் வளாகத்துக்குள் வந்தவை சிலவே. எஞ்சியவை பால்மரங்களின் கீழும், செம்பனையின் கீழும், தனியார் நிலங்களிலும் கிடந்தன.

லங்காவி பெற்றது

இதே மாநிலத்தில் ஆலோசனை ஆணையான வரலாறும் உண்டு. 1930-களில் துங்கு அப்துல் ரஹ்மான் மாவட்ட அதிகாரியாக லங்காவியில் இருந்தார். மக்கள் வாய்மொழியில் வாழ்ந்த மஹ்சுரியின் கல்லறையைத் தேடிக் கண்டு சீர்படுத்தியவர் அவர். சுற்றுலாத் துறை என ஒன்று இல்லாத காலத்தில் ஓர் அதிகாரி செய்த சுற்றுலாப் பணி என இதனைக் கொள்ளலாம். பின்னர், அலோர் ஸ்டாரில் பிறந்தவரும் இளமையில் அரசு மருத்துவராகப் பணி செய்தவருமான டாக்டர் மகாதீர் முகமது பிரதமரானார். 1987 சனவரி முதல் நாளில் லங்காவி வரி விலக்குத் தீவாயிற்று. 1990-இல் தனிச் சட்டத்தின் வழி லங்காவி மேம்பாட்டு வாரியம் பிறந்தது. அதே ஆண்டு ‘மலேசியா வருகை ஆண்டு’. நாட்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2007-இல் தென்கிழக்காசியாவின் முதல் புவிப்பூங்கா எனும் சிறப்பினை லங்காவி எய்தியது.

தீவின் கடலும் மலையும் 1987-க்கு முன்னும் இருந்தன. புதிதாக வந்தவை வரி விலக்கு ஆணையும், சட்டமும், பொறுப்பேற்கும் ஒரு வாரியமும் ஆகும். தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது அங்கே எழுத்தில் உள்ளது. பூஜாங் பள்ளத்தாக்கு நெடுங்காலம் இதனைப் பெறவில்லை.

சுங்கை பத்து இழந்தது

2013-ஆம் ஆண்டு இறுதியில் வந்த செய்தி கல்விமான்களை வருத்தியது. பீடோங் வட்டாரத்துச் சுங்கை பத்துவில், வேல்ஸ் கணக்கில் 11-ஆம் இடமாகிய சண்டி, வீடமைப்புக்காக நிலம் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டது என்பதே அச்செய்தி. அந்நிலம் தனியாருடையது. அச்சண்டியோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக அரசிதழில் பதிவு பெறாதது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வேடுகளில் எண்ணோடு இருந்த ஒரு கோயில், நில ஆவணத்தில் இல்லாமையால் மறைந்தது. ஆய்வாளர் அதனை அறிவர்; மண்வாரி இயந்திரம் அதனை அறியாது.

இதற்குச் சட்ட அமைப்பிலும் ஒரு காரணம் உண்டு. கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் 9-ஆம் அட்டவணைப்படி நிலம் மாநில அரசுக்கு உரியது. சுற்றுலா 1994-இல் கூட்டரசுப் பட்டியலில் சேர்ந்தது. மரபுப் பாதுகாப்பு 2005-இல் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் இடம் பெற்றது. தேசிய மரபுடைமைச் சட்டமும் அவ்வாண்டினதே. ஆகவே ஒரே சண்டிக்கு மூன்று மேசைகள் உள. பயணிகளை அழைப்பது ஒரு மேசை, சின்னத்தைக் காப்பது மற்றொரு மேசை, நிலத்தை மாற்றி எழுதுவது வேறொரு மேசை. சுற்றுலா ஆலோசகர் முதல் மேசையில் மட்டும் பேசி அமைவாராயின், மூன்றாம் மேசையில் நடப்பது அவர்க்குத் தெரியவே தெரியாது. நில அலுவலகத்தின் படிவத்தில் ‘இந்நிலத்தில் தொல்சின்னம் உண்டா?’ என்னும் ஒரு வரி சேர்வது, பல விளம்பரத் தாள்களினும் பயனுடையதாகும்.

தோட்ட மக்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. வேல்ஸ் கண்ட இடங்களுள் சில தோட்ட நிலத்திலேயே இருந்தன. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய மண்ணின் அடியிலே பழங்கற்கள் புதைந்திருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு நிலங்களாக மாறியபோது லயங்களும் கோயில்களும் பள்ளிகளும் இடம் பெயர்ந்தன. எந்த மேட்டில் செங்கல் கிடந்தது, எந்த ஓடையில் செதுக்கிய கல் கிடந்தது என்று அறிந்திருந்த முதியோரும் உடன் பெயர்ந்தனர். அவ்வறிவு எங்கும் பதியப்படாவிடின், அதுவும் இடிந்த சண்டிக்கு ஒப்பான இழப்பேயாகும்.

மிகையும் குறையும்

சுற்றுலா ஆலோசகர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. அது மிகைபடக் கூறாமை. அண்மைக் காலத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் அகழ்ந்து, இரும்பு உருக்கிய உலைகளின் ஊதுகுழாய்களையும் செங்கற் கட்டடங்களையும் வெளிக்கொணர்ந்தனர். உலகறியத் தக்க கண்டுபிடிப்பு இது. எனினும் அதன் மிகப் பழைய காலக் கணிப்புப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. விளம்பரப் பலகை அதனை முடிந்த முடிபாக எழுதுதல் தகாது.

தமிழர் பக்கத்திலும் மிகை உண்டு. இங்குள்ள சண்டிகள் யாவும் இராசேந்திர சோழன் கட்டியவை என்பாரும் உளர். இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது 1025-ஆம் ஆண்டளவில். தஞ்சைக் கல்வெட்டு அதனைக் கூறுகிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் வரலாறோ அதற்குப் பல நூற்றாண்டு முந்தியே தொடங்கிவிட்டது. அங்கே சைவச் சின்னங்களும் உண்டு, பௌத்தச் சின்னங்களும் உண்டு. சீனப் பீங்கானும் மேலை நாட்டுக் கண்ணாடியும் கிடைத்துள்ளன. பல நாட்டு வணிகர் கூடிய துறைமுகம் அது. அதனை ஆண்டவர் இம்மண்ணின் மன்னர். தமிழர்க்கு அதில் பெரும்பங்கு உண்டு என்று கூறினாலே போதும். முழுவதும் தமக்கே உரியதென்பது உண்மைக்கும் மாறு, காக்கும் முயற்சிக்கும் இடையூறு. ஏனெனில் ஒரு சமூகத்தின் உடைமை என்று பெயர் பெற்ற சின்னத்தைக் காக்க மற்றச் சமூகங்கள் முன்வரத் தயங்கும்.

செம்பில் ஏறிய சொல்

கடாரத்தார் இவ்வுண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை நிறுவினான். முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஆம் ஆண்டளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு அளித்தான். தந்தையின் வாய்மொழிக் கொடை அவன் காலத்தோடு மறையாதவாறு, அவன் மகன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் பொறித்தான். லைடன் செப்பேடுகள் என அறிஞர் வழங்குவன இவையே. பின்னாளில் கடாரத்தின் மேல் படை செலுத்தியவனும் அவனே. போருக்குப் பின்னும் அக்கொடை அழியவில்லை. 1090-இல் கடாரத்து அரசன் அனுப்பிய தூதர் இருவர் முதலாம் குலோத்துங்கனிடம் முறையிட, விகாரத்துக்குரிய ஊர்களின் உரிமை மீண்டும் செம்பில் எழுதப்பட்டது.

அத்தூதர் வாய்மொழி வாக்குறுதியோடு மனநிறைவு கொண்டு திரும்பவில்லை. எழுத்தைப் பெற்றுத் திரும்பினர். அவர்கள் வேண்டிய ஊர்களின் பெயரும் உரிமையும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

இன்றைய ஆலோசகர் செய்யத் தக்கதும் இதுவே. வேல்ஸ் எண்ணிட்ட இடங்களையும் பின்னர் கண்டவற்றையும் நிலத்தின் மனை எண்ணோடு பட்டியலிடுதல், அப்பட்டியலை மாவட்ட நில அலுவலகத்தில் வைத்தல், ஒவ்வொன்றையும் அரசிதழில் ஏற்றுதல் ஆகிய மூன்றும் முடிந்த பின்னரே விளம்பரம். தமிழாசிரியர்க்கும் இதில் பங்கு உண்டு. சுங்கைப் பட்டாணி, பீடோங், மெர்போக் வட்டாரங்களில் எஞ்சியுள்ள முதியோரிடம் மாணவரை அனுப்பி, பழைய தோட்டத்தின் எந்தப் பிரிவில் எந்தக் கல் கிடந்தது என்று கேட்டெழுதச் செய்யலாம். அக்குறிப்பின் ஒரு படியைப் பள்ளியிலும் மறுபடியைக் காட்சியகத்திலும் வைக்கலாம். 11-ஆம் இடம் போய்விட்டது. பதிவு பெறாத ஏனையவற்றுக்கு இன்னும் காலம் உண்டு.