ஒரு பட்டியல், நாற்பது பேர்

மிஷன் வரலாறுன்னாலே நமக்குக் கப்பலில் வந்த வெள்ளைக்காரப் பாதிரியார்தான் ஞாபகம் வருவார். இன்னிக்கு நான் சொல்லப்போறது பாளையங்கோட்டையில் இருந்த ஒரு விதவையின் கதை.

தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தி பிராமணப் பெண் அவர். கணவர் இறந்த பிறகு, லிட்டில்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். கிறிஸ்தவ நம்பிக்கையை அவருக்கு முதலில் சொன்னதே அந்த அதிகாரிதான். பிரசங்க மேடையில் இல்லைங்க, வீட்டுக்குள்ளே!

ஞானஸ்நானம் வேணும்னு மிஷனரி ஷ்வார்ட்ஸிடம் கேட்டார். அவர் மறுத்துட்டார். முறைப்படி திருமணம் ஆகலையே, அதுதான் காரணம். லிட்டில்டன் இறந்த பிறகும் அந்த அம்மா விடல, திரும்பக் கேட்டார். 1778-ல் ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். புதுப் பெயர், குளோரிந்தா.

ஒரு தடவை கதவு சாத்தப்பட்ட ஒருத்தர் அதுக்கப்புறம் என்ன செய்வார்? கோபப்பட்டு ஒதுங்கலாம். இவர் தன்னைச் சுத்தி இருந்தவங்களைச் சேர்த்துக்கிட்டார். 1780-ல் எழுதப்பட்ட சபைப் பட்டியலில் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா. பல சாதிகளைச் சேர்ந்தவங்க அதில் இருந்தாங்க. சாதி பார்த்து உட்கார்ந்த காலத்தில் ஒரே தாளில் அத்தனை பேரும்! 1785-ல் அவர் முயற்சியில் கட்டின சின்ன ஆலயத்தை ஷ்வார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். பிறகு சத்தியநாதன் என்ற தமிழ் உபதேசியார் அங்கே ஊழியம் செய்தார். 1790-ல் குருப்பட்டமும் பெற்றார். பின்னாளில் தென் தமிழகத்தின் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்த திருநெல்வேலி சபைக்கு இதுதான் தொடக்கம்.

ஆனா ஒரு விஷயம் என்னை உறுத்துது. ஊர் அந்த ஆலயத்தைப் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்'னுதான் கூப்பிட்டது. அவர் விட்டுட்டு வந்த சாதியே அவர் கட்டின கோயிலுக்குப் பேராச்சு. சாதி சபைக்குள்ளும் கூடவே நடந்து வந்தது என்பதையும் நாம மறைக்கக் கூடாது.

நம்பிக்கையைப் பகிர்றதுன்னா நோட்டீஸ் கொடுக்கிறதுன்னு நினைக்கிறோம். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்குத் தோணுறது வேற: யாரோட பேரையெல்லாம் நம்ம பேருக்குப் பக்கத்தில் எழுத நாம தயாரா இருக்கோம்?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.