சதுரம், சதுரம், மண்

2002-இல் தைவானின் பிரதமராகப் பொறுப்பேற்ற யூ ஷீ-குன்னின் பெயரைத் தட்டச்சிடுவது எளிதாக இருக்கவில்லை. 'குன்' என்ற இறுதி எழுத்து அன்றைய கணினிகள் பலவற்றில் இல்லை. ஆகவே அதன் உறுப்புகளைப் பிரித்து 'சதுரம், சதுரம், மண்' என்று பொருள்படும் மூன்று எழுத்துகளை வரிசையாக இட்டனர்.

சீனப் பெருநிலத்தில் இச்சங்கடம் முன்னரே நேர்ந்திருந்தது. 1998-இல் பிரதமரான ஜூ ரோங்ஜியின் 'ரோங்', 6,763 சீன எழுத்துகளைக் கொண்ட 1980-ஆம் ஆண்டின் ஜிபி 2312 தரத்தில் இடம்பெறவில்லை. காரணம் கணினிக்கும் முந்தையது. 1955-இல் எழுத்துகளின் மாற்றுருவங்களைக் களைந்தபோது, உலோகக் குறியை இடப்புறம் கொண்ட இந்த 'ரோங்', நெருப்புக் குறி கொண்ட இன்னொரு 'ரோங்'கின் மாற்றுருவென ஒதுக்கப்பட்டது. கணினித் தரம் அத்தீர்ப்பை அப்படியே சுவீகரித்தது. 1993-இல் அரசு எழுத்தை மீட்டளித்தது. பழைய பட்டியலோ மாறவில்லை. 'உலோகம்' என்ற எழுத்தையும் வேறொரு 'ரோங்'கையும் அருகருகே வைத்து ஒப்பேற்றினார்கள். பிரதமருக்கே இக்கதியென்றால் குடியானவரின் பெயரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

இது இல்லாத எழுத்தின் கதை. இருந்த எழுத்து தரவுத்தளத்தின் வாசலில் இடறிய கதை இதனினும் விசித்திரமானது. 1984-இல் தைவானில் உருவான பிக்-5 முறையில் ஒவ்வொரு சீன எழுத்துக்கும் இரண்டு பைட்டுகள். முதலாவது ஆங்கில எழுத்துகளின் எல்லைக்கு வெளியே நிற்கும். இரண்டாவது அவ்வெல்லைக்குள்ளும் வரலாம். 'ஷூ' என்ற பரவலான குடும்பப்பெயரின் இரண்டாம் பைட்டு 92. அதுவே பின்சாய்வுக்கோட்டின் எண். மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்களில் பின்சாய்வுக்கோடு, அடுத்து வரும் குறியைச் சாதாரண எழுத்தாகக் கொள்ளும்படி பணிப்பது. குடும்பப்பெயர்க் கட்டத்தில் 'ஷூ' என்று மட்டும் நிரப்பினால், பைட்டுகளைத் தனித்தனியே படிக்கும் நிரல் முடிவு மேற்கோள்குறியையும் பெயரின் பகுதியாக விழுங்கிவிடும், வினவல் உடையும். 'கோங்', 'கை' என்ற எழுத்துகளுக்கும் இதே ஊழ். மூன்றையும் கோத்து, ஓர் ஆளின் பெயர்போல 'ஷூ கோங் கை' சிக்கல் என்றே தைவான் நிரலாளர்கள் அழைத்தனர்.

இதன் மறுபக்கம் 2006-இல் பரவலாகத் தெரியவந்தது. பாதுகாப்புக்கென நிரல் இட்ட பின்சாய்வுக்கோட்டை அதன் முன் நின்ற பைட்டு சேர்த்துக்கொண்டு ஜிபிகே முறையின் ஒரு சீன எழுத்தாகிவிடும். காவல் இழந்த மேற்கோள்குறியின் வழியே அத்துமீறுவோர் தம் கட்டளைகளைச் செலுத்த முடிந்தது.

யூனிகோடு இதற்கு முடிவுகட்டியிருக்க வேண்டும். யூடிஎஃப்-8-இல் சீன எழுத்தின் எந்தப் பைட்டும் பின்சாய்வுக்கோடாகத் தோன்றாது. ஆனால் 2001-இல் யூனிகோடு 3.1 சேர்த்த 42,711 அரிய எழுத்துகள் தலா நான்கு பைட்டுகள் கேட்பவை. 2004-இல் நிலைபெற்ற மைஎஸ்க்யூஎல் 4.1 'யூடிஎஃப்8' என்ற பெயரில் வழங்கியதோ மூன்று பைட்டுகள் வரை மட்டுமே. மூன்றாண்டு கழிந்தபின் நிகழ்ந்த இதை அறியாமை என்று மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. கண்டிப்பற்ற அமைப்பில் அத்தளம் நான்கு பைட்டு எழுத்தைக் கண்ட இடத்திலேயே சரத்தைத் துண்டித்து, ஓர் எச்சரிக்கையோடு சேமித்துக்கொண்டது. பெயரின் நடுவெழுத்து அரியதெனில் குடும்பப்பெயர் மட்டுமே மிஞ்சியது.

நான்கு பைட்டுகளை ஏற்கும் 'யூடிஎஃப்8எம்பி4' 2010-இல் வந்தது, 2018-இன் 8.0 பதிப்பில்தான் அது இயல்பான தேர்வாயிற்று. 87,887 சீன எழுத்துகள் கொண்ட ஜிபி 18030 தரத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. முன்னரே துண்டிக்கப்பட்ட பெயர்களின் எஞ்சிய பைட்டுகள் அட்டவணையில் எழுதப்படவே இல்லை. உரியவரிடம் மீண்டும் கேட்டுத்தான் நிரப்பவேண்டும்.