‘நேஷனாலிட்டி’ பிறந்த கதை

புதுச்சேரியில் சம்பந்தம் பேசும்போது ‘பையனுக்கு நேஷனாலிட்டி இருக்கு’ என்றால் எந்த நாட்டுடையது என்று யாரும் கேட்பதில்லை. பிரான்சுதான்.

அது பிறந்தது 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை இந்தியாவுக்குக் கையளிக்க இரு நாடுகளும் 1956-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அன்றுதான் முழுமையாக அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். வேண்டாம் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் கொடுத்தார்கள். பலரும் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்கள், வியட்நாமின் சைகோனில் உத்தியோகம் பார்த்தவர்கள், 1881 ஆணைப்படி சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பத்தார்.

ஏற்றத்தாழ்வு மிகுந்த நாட்டிலிருந்து, வரி வாங்கிப் பகிர்ந்து கொடுக்கும் நாட்டுக்குக் கிளம்புவோர் பெரும்பாலும் கீழ்த்தட்டினரே என்று 1987-இல் பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் கணக்குப் போட்டார். பிரான்சில் 1945-லேயே மருத்துவத்துக்கும் முதுமைக்கும் சமூகக் காப்பீடு வந்துவிட்டது. அந்தக் கணக்குப்படி புதுச்சேரியின் மடுகரைக் கிராமத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்! ஆனால் மனு எழுதத் தெரிய வேண்டும், பிறப்புப் பதிவு கையில் இருக்க வேண்டும், அங்கே ஒரு வேலையோ பென்ஷனோ காத்திருக்க வேண்டும். கூலிக்காரருக்கு இவை எங்கே கிடைக்கும்? பேசாமல் இருந்தவர் இந்தியர்.

நிலக்காரரும் பெரும்பாலும் இங்கேயே இருந்தார்கள். நிலத்தை மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாதே.  இங்கே இருந்த நிலமற்றவர்களுக்குப் பங்கீடு வேறு வழியில் வந்தது: 1970-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1973-இல் நில உச்சவரம்புச் சட்டம்.

பென்ஷனுக்காகத் தாய்நாட்டை விட்டவர்கள் என்று அந்த 5,000 பேரை ஏசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று ஆண்டுதோறும் பிரான்சுக்குப் போக, பணம் தவறாமல் வரும்; பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க வேண்டாம். உச்சவரம்பு நிலத்தில் அரைக்காணி கிடைக்குமா என்று காத்திருந்தவர் கேட்டதும் அதே நிம்மதியைத்தான். என் ஆதங்கம் அந்த ஆறு மாதத்தின் மேல்தான். பிரெஞ்சுக் குடியுரிமை தாய் தந்தை வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. அந்த வீட்டில் மணம் முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். அன்று எழுதிக் கொடுக்காதவரின் பேரனுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திருமணத்தில்தான் திறக்கும்.