மெய்நிகர் இயந்திர இடமாற்றம்

ஒரு சர்வரில் ஓடும் மெய்நிகர் இயந்திரத்தை (மென்பொருளால் உருவான கணினியை), அதன் வேலை தடைபடாமல் வேறு சர்வருக்குக் கொண்டுசெல்லும் முறை. ராணிப்பேட்டை மாவட்டம் திமிரியில் ஒருவர் இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பம் தொலைவிலுள்ள ஒரு தரவு மையத்துக்குப் போகிறது. தமிழக அரசின் தரவு மையம் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் சென்னைப் பெருங்குடியில் உள்ளது. இத்தகைய மையங்களில் சர்வரைப் பழுதுபார்க்கவும் சுமையைப் பிரிக்கவும் மின்சாரத்தை மிச்சப்படுத்தவும் இடமாற்றம் கைகொடுக்கிறது.

விஎம்வேர் நிறுவனம் 2003-இல் ‘விமோஷன்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2005-இல் கிறிஸ்டோபர் கிளார்க்கும் கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜென் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் செய்துகாட்டிய சோதனை புகழ்பெற்றது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே குவேக் 3 விளையாட்டு சர்வரை நகர்த்தினார்கள். அது நின்ற நேரம் ஏறத்தாழ 60 மில்லிநொடி.

அவர்கள் கையாண்டது முன்நகல் முறை. முதல் சுற்றில் நினைவகம் முழுவதும் நகலாகும். அதற்குள் மாறிவிட்ட நினைவகப் பக்கங்கள் மட்டும் அடுத்தடுத்த சுற்றுகளில் போகும். மிச்சம் சிறுத்ததும் இயந்திரத்தைக் கணநேரம் நிறுத்தி, எஞ்சியதை அனுப்பி, புதிய இடத்தில் ஓடவிடுவார்கள். 8 ஜிபி நினைவகம், நொடிக்கு 1 ஜிபி அனுப்பும் வலையமைப்பு, நொடிக்கு 0.25 ஜிபி மாற்றம் என்று கொள்வோம். முதல் சுற்றுக்கு 8 நொடி. அதற்குள் 2 ஜிபி மாறியிருக்கும். அடுத்த சுற்றின் முடிவில் 0.5, அதற்கடுத்து 0.125 ஜிபி என மிச்சம் குறையும். மாறும் வேகம் அனுப்பும் வேகத்தை எட்டிவிட்டால் எத்தனை சுற்று போனாலும் மிச்சம் குறையாது. மேம்படுத்தும் உத்திகள் எல்லாம் இவ்விரு வேகங்களின் விகிதத்தைச் சுற்றியே அமைகின்றன: வெற்றுப் பக்கங்களைத் தவிர்த்தல், மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புதல், வேறு வழியில்லாதபோது இயந்திரத்தின் செயலியையே மெதுவாக்குதல்.

மைக்கேல் ஹைன்ஸும் கார்த்திக் கோபாலனும் 2009-இல் முன்வைத்த பின்நகல் முறையில் இயந்திரம் முதலில் இடம் மாறி ஓடத் தொடங்கும். பக்கங்கள் பிறகு வந்துசேரும். ஒவ்வொரு பக்கமும் ஒருமுறைதான் பயணிக்கும். ஆனால் இடையில் வலையமைப்பு அறுந்தால் இயந்திரத்தின் நிலை இரு சர்வர்களிலும் முழுதாக இராது. முக்கியமான தரவுத்தளங்களுக்கு இது சிறிய ஆபத்தல்ல.

எதை, எப்போது நகர்த்துவது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. சும்மா இருக்கும் சர்வரும் கணிசமான மின்சாரத்தை எடுத்துக்கொள்வதால், இயந்திரங்களைச் சில சர்வர்களில் சேர்த்து மற்றவற்றை அணைப்பது லாபம். அளவுக்கு மீறிச் சேர்த்தால் சேவை தடுமாறும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் அன்டன் பெலோக்லசோவ், ராஜ்குமார் புய்யா இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, சுமை மிஞ்சும் போக்கை முன்கூட்டிக் கணித்து, மிகக் குறைந்த நேரத்தில் நகரக்கூடிய இயந்திரத்தையே தேர்ந்தெடுக்கப் பரிந்துரைத்தது.

இயந்திரத்தை முதலிலேயே பொருத்தமான சர்வரில் அமர்த்தினால் பின்னர் நகர்த்தும் தேவை குறையும். தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீட்டுச் சிக்கலில் உழைத்தவர்களுள் முக்கியமானவர், பின்னாளில் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத் துணைவேந்தரான எஸ். தாமரைச்செல்வி. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அவரும் கண்ணன் கோவிந்தராஜனும் உருவாக்கிய ‘கிளவுட்ஆர்பி’ அமைப்பு 2014-இல் ஆய்விதழில் வெளியானது. வேலை முடியவேண்டிய கெடுவைக் கணக்கில் கொண்டு, துகள் திரள் உகப்பாக்கம் என்ற தேடல் முறையில் அது வளங்களை ஒதுக்குகிறது.