தொலைபேசி இலக்கம் தேடி வந்தவர்கள்

உலகின் அறிவையெல்லாம் ஒன்றிணைக்கப் பிறந்ததே வையக விரிவு வலை என்று எழுதுவது எம்போன்ற பத்திரிகையாளர்களின் வழக்கம். ஆனால், பிறந்த வீட்டில் அதற்கு முதன்முதலில் வரவேற்பைத் தேடிக்கொடுத்தது ஒரு தொலைபேசி விபரக்கொத்து என்பது பலர் அறியாத செய்தி.

ஜெனீவாவுக்கு அருகே, பிரான்ஸ் எல்லையை ஒட்டி அமைந்துள்ள சேர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ரிம் பேர்னேர்ஸ் லீ, 1989 மார்ச்சில் தமது திட்டத்தை முன்வைத்தார். 1990 இன் இறுதியில் மென்பொருள் இயங்கத் தொடங்கியது. அங்கு பணிபுரிந்தோரின் தொலைபேசி இலக்கங்களோ பெருங்கணினி ஒன்றில் இருந்தன. ஓர் இலக்கம் வேண்டுமெனில் அதனுள் நுழைந்தாக வேண்டும். இதற்காகவே பலர் தமது திரையில் ஒரு சாளரத்தை எந்நேரமும் திறந்து வைத்திருந்தனர். பேர்ன்ட் பொலர்மான் என்பவர் அவ்விபரக்கொத்தை வலையில் கிடைக்கச் செய்தார். நிக்கொலா பெல்லோ என்ற மாணவி, சாதாரண முனையங்களிலும் இயங்கக்கூடிய, எழுத்துகளை மாத்திரம் காட்டும் உலாவியை எழுதினார். படம் கிடையாது, வர்ணம் கிடையாது. பெயரைக் கொடுத்தால் இலக்கம் வந்தது. வலை என்பதே ஒரு தொலைபேசி விபரக்கொத்துத்தான் என்று எண்ணியோரும் அங்கிருந்தனர்!

இவ்வரலாற்றை வாசித்தபோது எனக்கு வெட்கமே மேலிட்டது. நான் பணியாற்றிய பத்திரிகை 2000 ஆம் ஆண்டளவில் இணையத்தளம் தொடங்கியபோது, முகப்பில் எதை இடுவது என்று மூன்று கூட்டங்கள் நடத்தினோம். நிர்வாகத்தின் வாழ்த்துச்செய்தி, ஸ்தாபகரின் படம், அலுவலகக் கட்டடத்தின் படம் என்று முடிவாயிற்று. எமது எழுத்துருவைத் தரவிறக்காமல் ஒரு வரியையும் வாசிக்க முடியாது. (யுனிகோட் அப்போது எமக்குப் பரிச்சயமில்லை.) ஓர் இரவு ரொறன்ரோவிலிருந்து வாசகர் ஒருவர் ஆசிரியபீடத்திற்கு அழைத்தார். யாழ்ப்பாணத்தில் காலமான தமது தமக்கையின் மரண அறிவித்தலை இரண்டு மணித்தியாலமாகத் தேடுவதாகவும், ஆங்கில எழுத்துகளே தாறுமாறாகத் தெரிவதாகவும் கூறினார்.

"தம்பி, தகனம் எத்தினை மணிக்கு எண்டு மட்டும் பார்த்துச் சொல்லும்."

அன்றைய பத்திரிகையை எடுத்து வாசித்துக் காட்டினேன். வாழ்த்துச்செய்தியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

இக்குறை எமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானிய அரசாங்கத் திணைக்களங்களும் தத்தமக்கெனத் தளங்களை வைத்திருந்தன. தமது அலுவல் எந்தத் திணைக்களத்திற்குரியது என்று அறியாதவர் வழி காண்பது கடினம். 2010 இல் மார்த்தா லேன் பொக்ஸ் சமர்ப்பித்த அறிக்கையைத் தொடர்ந்து, 2012 ஒக்ரோபர் 17 அன்று 'கவ்.யூகே' என்ற தளம் 'டிரெக்ட்கவ்', 'பிஸ்னஸ் லிங்க்' ஆகியவற்றின் இடத்தைப் பிடித்தது. அதனை அமைத்தோர் வகுத்த கோட்பாடுகளில் முதலாவது, தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. யாருடைய தேவை? அரசாங்கத்தினுடையதல்ல, பயன்படுத்துபவருடையது என்று அடிக்குறிப்பே இட்டிருந்தனர். அடுத்த வங்கி விடுமுறை எப்போது என்று தேடிச் செல்பவருக்கு, அத்திகதியே பக்கத்தின் மேற்பகுதியில் பெரிய எழுத்தில் தெரியும். அமைச்சரின் படம் அங்கில்லை.